தூண்டிற்கோல், உருளை, நரம்பு: நன்னீரில் மீன் பிடிப்போர்க்கு ஒரு பாடம்

ஓய்வுநாளின் காலைப் பொழுதில் தோட்டச் சாலை வழியே செல்வோர் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தூண்டிற்கோலைக் கட்டிக்கொண்டு, வாளியொன்றைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, தந்தையும் மகனும் ஆற்றை நோக்கிச் செல்வர். வாரம் முழுதும் விடியுமுன் எழுந்து, நிரை பிடித்துப் பால் வெட்டிய கைகளுக்கு அது நல்லதோர் ஓய்வு. மனத்திற்கு அமைதி கிட்டுகிறது. தந்தையும் மக்களும் கூடியிருந்து பேசப் பொழுது கிட்டுகிறது. வாய்ப்பு நேர்ந்தால் இரவு உணவிற்குக் குழம்பும் கிட்டிவிடுகிறது.

நம் பாட்டனார் காலத்தில் ஒரு மூங்கிற்கழி, பத்து முழ நூல், ஒரு முள், ஒரு தக்கை ஆகியவை இருந்தால் போதும். இன்றோ கடைக்குள் நுழைந்தால் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கோல்களும் உருளைகளும் வரிசையாக நிற்கின்றன. விலைகளும் பலவாறு உள்ளன. எதை எடுப்பது, எதை விடுவது என்று அறியாமல், கடைக்காரர் காட்டியதை வாங்கி வருவோர் பலர். பாடுபட்டு ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதி அவ்வாறு செலவாகி, வாங்கிய கருவி ஒரு மாதத்திலேயே மூலையில் சாய்ந்து கிடக்குமாயின் அது வருந்தத்தக்கது. அவ்வாறு நேராமல் காப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு பட்டறிவு

இதனை எழுதுபவனும் அவ்வாறு ஏமாந்தவர்களுள் ஒருவனே. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவியார் அறுவை சிகிச்சை வழியே மகனைப் பெற்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். புண் ஆறுவதற்கு விரால் மீனைச் சாறாக்கிக் கொடுப்பது நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரிடமும் உள்ள வழக்கம். மலாய் மொழியில் அம்மீனை ஹாருவான் என்பர். சந்தையில் அது கிடைக்காத நாள்கள் அவை. நானே பிடித்து வருவேன் என்று வாக்களித்துவிட்டு, நகரத்துக் கடையொன்றில் பளபளக்கும் உருளையும் கோலும் வாங்கினேன். உருளையில் நரம்பு முன்னரே சுற்றப்பட்டிருந்தது. “நரம்பு இனாம்” என்றார் கடைக்காரர். மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டேன்.

வீட்டிற்கு அருகில், ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட குட்டை ஒன்று இருந்தது. நம்மவர் அதனை ஈயலம்பம் என்பர். முதல் நாள் மாலை, நல்லதொரு விரால் இரையைக் கவ்வியது. கோல் வளைந்தது, மறுநொடியே நரம்பு அறுந்தது. மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் மீண்டும் அறுந்தபோது, சற்றுத் தொலைவில் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து வந்தார். பால்வெட்டுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

“தம்பி, கோலுக்கு என்ன விலை கொடுத்தீர்கள்?” என்றார். சொன்னேன். “உருளைக்கு?” அதனையும் சொன்னேன். “நரம்புக்கு?”

“அது இனாமாக வந்தது, ஐயா.”

அவர் ஒன்றும் பேசாமல், என் நரம்பில் ஒரு முழத்தை இரு கைகளிலும் சுற்றிப் பிடித்து இழுத்தார். வாழைநாரைப்போல் அது அறுந்தது. “கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை மாதம் வெயில் தின்றதோ! மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது இந்த நரம்பு ஒன்றுதான். அதைத்தான் நீங்கள் பார்த்து வாங்கவில்லை” என்றார். அவருடைய கோல் பழையது. உருளையின் வண்ணம் உதிர்ந்திருந்தது. நரம்பு மட்டும் புத்தம் புதிது. அன்று மாலை தம் வாளியிலிருந்த இரண்டு விரால்களில் பெரியதை எடுத்து, “மருமகளுக்குக் கொடுங்கள்” என்று கையில் தந்து அனுப்பினார்.

அவர் கற்பித்த முறையே இப்பாடத்தின் அடிப்படை. பெரும்பாலோர் முதலில் கோலைப் பார்க்கிறார்கள், பிறகு உருளை, கடைசியில் நரம்பு. இவ்வரிசையைத் தலைகீழாக்குங்கள். மீனை முதலில் நினையுங்கள், மீனுக்கேற்ற நரம்பு, நரம்பிற்கேற்ற உருளை, இவற்றிற்கேற்ற கோல்.

முதற் கேள்வி: எந்த நீர்? எந்த மீன்?

கடைக்குச் செல்லுமுன் இக்கேள்விக்கு விடை காணவேண்டும். உங்கள் இருப்பிடத்திற்கு அருகில் உள்ள நீர்நிலை எத்தகையது?

தோட்டத்துக் குட்டைகளிலும் மெல்ல ஓடும் கால்வாய்களிலும் திலாப்பியா, கெளுத்தி, லம்பாம் போன்றவை மிகுதி. பெரும்பாலும் இவை அரைக் கிலோவுக்கு உட்பட்டவை. இவற்றிற்கு மெல்லிய கருவிகளே போதும்.

புல்லும் தாமரையும் அடர்ந்த குட்டைகள், பழைய ஈயலம்பங்கள், வயல் வாய்க்கால்கள் ஆகியவற்றில் விரால் வாழும். அது காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது நீர்மட்டத்திற்கு வரும். அப்போது எழும் சிறு வட்ட அலையைக் கொண்டு அதன் இருப்பிடத்தை அறியலாம். முள்ளில் சிக்கியவுடன் செடிகளுக்குள் பாய்வது அதன் இயல்பு. ஆதலின் மீனின் எடையை மட்டுமன்றி, செடியின் இழுப்பையும் தாங்கும் நரம்பு தேவை.

அணைக்கட்டு ஏரிகளிலும் ஆழமான ஈயலம்பங்களிலும் தோமான் உண்டு. விராலின் இனத்தைச் சேர்ந்ததே எனினும், அது ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது; கூரிய பற்களை உடையது. பேராக்கின் தெமெங்கோர் ஏரியிலும், 1985இல் உருவான திரெங்கானுவின் கென்யிர் ஏரியிலும் தோமானைத் தேடிச் செல்வோர் பலர். மலையடிவாரங்களில் விரைந்தோடும் தெளிந்த ஆறுகளில் செபாராவும் கெலாவும் வாழ்கின்றன. இவை வலிமை மிக்க மீன்கள். இவற்றிற்கான கருவிகளும் வலிமை மிக்கவையாதல் வேண்டும்.

அருகிலுள்ள குட்டையில் திலாப்பியா பிடிக்கும் ஒருவர், தோமானுக்குரிய கனத்த கோலை வாங்குவாராயின், மீன் இரையைக் கொத்துவதே அவர் கைக்குத் தெரியாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்.

நரம்பு

நம்மவர் தங்கூசி என்று வழங்கும் நரம்பு, நைலானால் ஆன ஒற்றை இழை. பட்டு நூலும் சணல் நூலும் பயன்பட்டு வந்த காலத்தில், 1938ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்ட நைலான், மீன்பிடித் தொழிலையே மாற்றியமைத்தது. இன்று கடைகளில் மூவகை நரம்புகள் கிடைக்கின்றன.

முதலாவது, நைலான் ஒற்றையிழை நரம்பு. விலை குறைவு, முடிச்சு நன்கு நிற்கும், இழுத்தால் ஓரளவு நீண்டு கொடுக்கும். மீன் திடீரென்று பாயும்போது இந்நீட்சி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். புதிதாகப் பழகுவோர்க்கு இதுவே ஏற்றது. எனினும் வெயில் இதற்குப் பகை. வெயிலில் கிடந்த நரம்பு வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்வலிமையை இழந்திருக்கும்.

இரண்டாவது, பல நுண்ணிழைகளைப் பின்னிச் செய்த நரம்பு. இது மிக வலியது, மிக மெல்லியது. 20 பவுண்டு வலிமையுள்ள பின்னல் நரம்பின் பருமன், 8 பவுண்டு நைலான் நரம்பின் பருமனை ஒத்திருக்கும் எனலாம். செடிகளுக்கிடையே விரால் பிடிப்போர்க்கு இது பெரிதும் உதவும். ஆனால் விலை மிகுதி, நீண்டு கொடுக்காது, வழுக்கும் தன்மையுடையதால் சாதாரண முடிச்சு அவிழ்ந்துவிடும், வெறுங்கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும்.

மூன்றாவது, ஃபுளோரோகார்பன் எனப்படும் நரம்பு. இது நீரில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. கல்லிலும் கட்டையிலும் உராய்வதை நன்கு தாங்கும். உருளை முழுதும் இதனைச் சுற்ற வேண்டியதில்லை. முள்ளுக்கு அருகில் கட்டப்படும் ஒரு முழ, இரு முழ முனைநரம்பிற்கு மட்டும் பயன்படுத்துவது சிக்கனம்.

நரம்பின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வலிமை; பவுண்டிலோ கிலோவிலோ குறிக்கப்பட்டிருக்கும். மற்றது பருமன், மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். குட்டை மீன்களுக்கு 6 முதல் 8 பவுண்டு வரை போதும். விராலுக்கு 10 முதல் 15 பவுண்டு நைலான் நரம்பு. செடிகள் மிக அடர்ந்த இடமாயின் 20 முதல் 30 பவுண்டு பின்னல் நரம்பு. தோமானுக்கு 30 பவுண்டு நரம்பும், அதன் பற்களைத் தாங்க 40 பவுண்டுக்குக் குறையாத முனைநரம்பும் வேண்டும். மெல்லிய கம்பியையும் முனைநரம்பாகக் கட்டுவதுண்டு.

வாங்கும்போது, கடையில் வெயில் படும் இடத்திலுள்ள பெட்டியை எடுக்காதீர்கள். உட்புறத்திலிருந்து ஒன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அடிக்கடி மீன் பிடிக்கச் செல்வோர் ஆண்டிற்கு ஒரு முறையேனும் நைலான் நரம்பை மாற்றிவிடவேண்டும். ஒவ்வொரு முறையும் மீன் பிடிக்கத் தொடங்குமுன், முனையிலிருந்து ஒரு பாக அளவை விரல்களுக்கிடையே தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தென்பட்டால் அப்பகுதியை வெட்டி எறியாமல், வெட்டிப் பையில் இட்டுக்கொள்ளுங்கள். கரையில் வீசப்படும் நரம்பு பறவைகளின் கால்களில் சுற்றிக்கொள்ளும். மேயும் மாடுகளின் வயிற்றுக்குள்ளும் சென்றுவிடும்.

உருளை

நம்மவர் மெசின் என்று குறிப்பிடும் இவ்வுருளை, கோலின் அடிப்புறத்தில் தொங்கும்படி பொருத்தப்படுவது. ஆங்கிலத்தில் இதனை ஸ்பின்னிங் ரீல் என்பர். இதன் தத்துவம் எளியது. நரம்பு சுற்றப்பட்டிருக்கும் கண்டு, வீசும்போது சுழல்வதில்லை, அசையாமல் நிற்கிறது. நரம்பு அதன் விளிம்பின் வழியே நழுவிச் செல்கிறது. இங்கிலாந்தில் நூற்பாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் என்பார் இத்தகைய உருளைக்கு 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஆலையில் கண்டின் முனையிலிருந்து நூல் நழுவி வரும் முறையே அவருக்கு வழிகாட்டியது என்பர்.

கோலின் மேற்புறத்தில் பொருத்தப்படும் வேறுவகை உருளையும் உண்டு. அதில் வீசும்போது கண்டு சுழலும். கட்டைவிரலால் அதனைத் தக்க நேரத்தில் அடக்காவிட்டால் நரம்பு பறவைக் கூடுபோல் சிக்கிக்கொள்ளும். தேர்ந்தவர் கையில் அது சிறந்த கருவி; ஆயினும் புதியவர்க்கு ஸ்பின்னிங் உருளையே ஏற்றது.

உருளையின்மேல் 1000, 2000, 2500, 4000 என்பன போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் பெருகப் பெருக உருளையும் பெரிதாகும். குட்டை மீன்களுக்கு 1000 அல்லது 2000. விரால் முதலியவற்றிற்கு 2500. தோமானுக்கு 4000 என்று கொள்ளலாம். கண்டின்மேல் ‘0.30 – 120’ என்றவாறு ஒரு குறிப்பு இருக்கும். 0.30 மில்லிமீட்டர் பருமனுள்ள நரம்பு 120 மீட்டர் கொள்ளும் என்பது அதன் பொருள். ‘5.0:1’ என்ற குறிப்பு, கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் உருளையின் தலை ஐந்து முறை சுழலும் என்பதைக் காட்டுகிறது. இவற்றைப் படிக்கத் தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

வாங்குமுன் கடையிலேயே நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவது, கைப்பிடியை மெல்லச் சுற்றுங்கள். அரைபடும் ஓசையின்றி ஒரே சீராகச் சுழலவேண்டும்.

இரண்டாவது, வளைகம்பியைத் திறந்து மூடுங்கள். வீசும்போது நரம்பை விடுவிப்பதும், சுற்றும்போது நரம்பைக் கண்டிற்கு வழிநடத்துவதும் இக்கம்பியே. அது தளர்ந்து ஆடக்கூடாது.

மூன்றாவது, அவ்வளைகம்பியின் ஓரத்தில் நரம்பு உராயும் சிறு உருளியைப் பாருங்கள். அது தடையின்றிச் சுழலவேண்டும். அவ்வுருளி இறுகியிருந்தால் நரம்பை அரித்துவிடும்.

நான்காவது, தடைத் திருகைச் சோதியுங்கள். உருளையின் உயிர்நிலை இதுவே. பெரிய மீன் இழுக்கும்போது, நரம்பு அறுந்துவிடாமல் சிறிது சிறிதாக நழுவ விடும் அமைப்பு இது. திருகைச் சற்றே தளர்த்தி, கடைக்காரரைச் சிறிது நரம்பைக் கட்டித் தரச் சொல்லி இழுத்துப் பாருங்கள். நரம்பு வழுவழுவென்று ஒரே சீராக வரவேண்டும். நின்று, திடீரென்று விட்டு, மீண்டும் நின்று வருமாயின் அவ்வுருளையை வாங்காதீர்கள். எத்தனை பந்துருளிகள் உள்ளன என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் காட்டிலும், தடையின் சீர்மையே முக்கியம்.

பால்வெட்டுத் தொழிலாளர்க்கு இதனை விளக்குவது எளிது. கத்தி பட்டையில் மேலோட்டமாகச் சென்றால் பால் சுரக்காது. ஆழமாகச் சென்றால் மரம் புண்படும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவை உங்கள் கை அறியும். தடைத் திருகும் அத்தகையதே. மிகத் தளர்ந்திருந்தால் முள் மீனின் வாயில் பதியாது. மிக இறுகியிருந்தால் நரம்பு அறும்.

அந்த இடைப்பட்ட அளவு யாது? நரம்பின் வலிமையில் நான்கில் ஒரு பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடைப்பட்டது. 8 பவுண்டு நரம்பிற்கு அது சுமார் ஒரு கிலோ. வீட்டில் ஒரு கிலோ சீனிப் பொட்டலம் இருக்குமல்லவா? அதனைப் பையிலிட்டு, நரம்பின் முனையைப் பையில் கட்டுங்கள். கோலின்றி உருளையை மட்டும் கையில் பிடித்து மெல்லத் தூக்குங்கள். பை தரையை விட்டு எழும் நிலையில் நரம்பு நழுவத் தொடங்கவேண்டும். அதுவரை திருகைச் சரிசெய்யுங்கள். இவ்வெளிய சோதனையை நான் அன்று அறிந்திருந்தால், அறுந்த நரம்புகளுள் ஒன்றேனும் பிழைத்திருக்கக்கூடும்.

நரம்பைச் சுற்றும் முறை

நல்ல நரம்பும் தவறாகச் சுற்றப்பட்டால் முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். புதிய நரம்புக் கண்டைத் தரையில் படுக்க வையுங்கள். நரம்பின் முனையைக் கோலின் வளையங்கள் வழியே கொண்டுவந்து, வளைகம்பியைத் திறந்து, உருளையின் கண்டில் கட்டிக் கம்பியை மூடுங்கள். நரம்பை ஈரத்துணியால் இலேசாகப் பிடித்துக்கொண்டு இருபது சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நரம்பைத் தளரவிட்டுப் பாருங்கள். அது முறுக்கிக்கொண்டால், தரையிலுள்ள கண்டை மறுபுறமாகத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடருங்கள். முறுக்கு நீங்கிவிடும்.

கண்டின் விளிம்பிற்கு 2 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்வரை சுற்றவேண்டும். அதற்கு மேல் சுற்றினால் வீசும்போது வளையம் வளையமாகக் கழன்று சிக்கும். மிகக் குறைவாகச் சுற்றினால் விளிம்பில் உராய்ந்து, இரை தொலைவு செல்லாது. பின்னல் நரம்பு வழுவழுப்பான கண்டில் நழுவிச் சுழலும். ஆகவே முதலில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பை இணைக்கவேண்டும். மீன் நரம்பை இழுத்துச் செல்லும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். அது மீனைக் கொண்டுவராது. நரம்பை முறுக்கேற்ற மட்டுமே செய்யும்.

தூண்டிற்கோல்

இப்போது கோலுக்கு வருவோம். ஸ்பின்னிங் உருளைக்குரிய கோலில் வளையங்கள் கீழ்ப்புறமாக இருக்கும். கைப்பிடிக்கு அடுத்துள்ள வளையம் பெரியதாகவும், நுனியை நோக்கிச் செல்லச் செல்லச் சிறியதாகவும் அமையும். மேற்புறம் உருளை பொருத்தும் கோலின் கைப்பிடியில், விரல் கொளுவத் துப்பாக்கி விசைபோன்ற ஒரு புடைப்பு இருக்கும். இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கைப்பிடிக்குச் சற்று மேலே கோலின் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். நீளம், தாங்கும் நரம்பின் வலிமை, வீசத்தக்க இரையின் எடை ஆகியவை அவை. ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து மென்மையையும், ‘எம்’ நடுத்தரத்தையும், ‘எச்’ வன்மையையும் குறிக்கும். ‘எம்எல்’, ‘எம்எச்’ என்பன இடைப்பட்டவை. 10 பவுண்டு நரம்பைப் பயன்படுத்த நினைப்பவர், 6 முதல் 12 பவுண்டு வரை என்று குறிக்கப்பட்ட கோலை எடுக்கவேண்டும். அவ்வெல்லைக்கு மேற்பட்ட நரம்பை இட்டு வலிந்து இழுத்தால், நரம்பு அறுவதற்கு முன் கோல் முறியும்.

நீளம் ஆறடி முதல் ஏழடி வரை இருப்பது நலம். புதரும் கிளையும் சூழ்ந்த வாய்க்கால் ஓரத்திற்கு ஆறடி. பரந்த குட்டைக்கும் ஏரிக்கும் ஏழடி. இரு துண்டாகப் பிரியும் கோல், மோட்டார் சைக்கிளில் கொண்டுசெல்ல வசதியானது.

கோல்கள் கண்ணாடியிழையாலும் கரியிழையாலும் செய்யப்படுகின்றன. கண்ணாடியிழைக் கோல் சற்றுக் கனமானது. ஆனால் நன்கு வளையும், அடிபட்டாலும் எளிதில் முறியாது, விலையும் குறைவு. கரியிழைக் கோல் இலேசானது. மீன் கொத்துவதை உடனே கைக்கு உணர்த்தும். எனினும் கல்லில் மோதினாலும் கதவிடுக்கில் சிக்கினாலும் முறிந்துவிடும். சிறுவர்க்கும் புதியவர்க்கும் கண்ணாடியிழையே தக்கது.

வளையங்களைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சிறிது பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் துடைத்துப் பாருங்கள். எங்கேனும் பஞ்சிழை ஒட்டிக்கொண்டால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளது என்று அறியுங்கள். அவ்வெடிப்பு புதிய நரம்பையும் அறுத்துவிடும். பழைய கோலைக் கைமாற்றாக வாங்குவோர் இச்சோதனையை மறவாது செய்யவேண்டும். இறுதியாக, உருளையைக் கோலில் பொருத்தி, கையில் ஏந்திப் பாருங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ அதிகம் சாயாமல் நிற்குமாயின், நெடுநேரம் பிடித்திருந்தாலும் மணிக்கட்டு வலிக்காது.

ஒரே ஒரு தொகுதிதான் வாங்க இயலுமாயின்

பெரும்பாலோரின் நிலை இதுவே. அவர்கட்கு என் பரிந்துரை இது: ஆறரையடி நீளமுள்ள நடுத்தரக் கோல், 2500 எண்ணுள்ள உருளை, 10 பவுண்டு நைலான் நரம்பு. இதனைக் கொண்டு திலாப்பியா, கெளுத்தி, லம்பாம், விரால் ஆகிய அனைத்தையும் பிடிக்கலாம். பணத்தைப் பகிரும்போது உருளையின் தடைக்கும் புதிய நரம்பிற்கும் முதலிடம் கொடுங்கள். கோலில் சிக்கனம் செய்யுங்கள். நிறத்திற்கும் பளபளப்பிற்கும் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

முடிச்சு

நரம்பின் வலிமை, அதன் முடிச்சின் வலிமையே. நைலான் நரம்பிற்கான முடிச்சு வருமாறு: முள்ளின் துளையில் நரம்பை நுழைத்து ஒரு சாண் அளவு இழுங்கள். அம்முனையை முதன்மை நரம்பின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். பிறகு முனையைத் துளைக்கு அருகிலுள்ள சிறு கண்ணிக்குள் நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய கண்ணிக்குள்ளும் நுழையுங்கள். நீரால் நனைத்த பின்னரே மெல்ல இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் வெப்பமே நரம்பைத் தளர்த்திவிடும்.

பின்னல் நரம்பிற்கு வேறு முடிச்சு வேண்டும். நரம்பை இரட்டையாக மடித்துத் துளையில் நுழைத்து, ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாக இடுங்கள். மடிப்பின் கண்ணிக்குள் முள்ளை முழுதும் நுழைத்து எடுத்து, நனைத்து இறுக்குங்கள். அது வழுக்காது.

கரையில் காக்கவேண்டிய கவனம்

கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே மின்கம்பிகள் மேலே செல்லும் இடத்தில் கோலை உயர்த்தாதீர்கள், வீசாதீர்கள். இடியோசை கேட்டவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்திற்குள்ளோ வாகனத்திற்குள்ளோ செல்லுங்கள். மரத்தடி பாதுகாப்பன்று.

ஈயலம்பங்களின் கரை, பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும் காலடியில் சரியக்கூடியது. ஓரத்திலேயே ஆழம் மிகுதியாக இருக்கும். ஆழமறியாமல் காலை விடாதே என்ற பழமொழி இங்கே உயிர் காக்கும் அறிவுரை. சிக்கிய முள்ளை எடுக்க நீரில் இறங்காதீர்கள். ஒரு முள்ளின் விலை சில காசு. சிறுவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

காலில் வெட்டுக்காயம் இருக்குமாயின் தேங்கிய நீரில் நிற்கக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் காய்ச்சல் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. நீர்நிலைக்குச் சென்று வந்த சில நாள்களில் கடுங்காய்ச்சலும் தசை வலியும் தோன்றினால், மருத்துவரிடம் சென்று, மீன் பிடிக்கச் சென்றதையும் தவறாமல் கூறுங்கள்.

வெடி வைத்தும், நஞ்சு கலந்தும், மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆறு, ஏரிகளுக்கான விதிகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். கென்யிர் ஏரியின் கெலா காப்பகம் போன்ற சில இடங்கள் மீன்களின் பாதுகாப்பிற்கென ஒதுக்கப்பட்டவை. புதிய இடத்திற்குச் செல்லுமுன், அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டறியுங்கள். விராலும் தோமானும் தம் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காவல் புரிபவை. நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கண்டால் அங்கே தூண்டிலை வீசாதீர்கள். தாய்மீன் ஒன்றைப் பிடித்தால் அக்கூட்டம் முழுதும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

நினைவிற்கொள்க

1. மீன், நரம்பு, உருளை, கோல் என்ற வரிசையில் தேர்ந்தெடுக்கவேண்டும்.
2. இனாமாக வரும் பழைய நரம்பை நம்பக்கூடாது.
3. தடைத் திருகை நரம்பின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இறுக்கக்கூடாது.
4. கோலின்மேல் எழுதியுள்ள எல்லையை மீறக்கூடாது.
5. முடிச்சை நனைத்தே இறுக்கவேண்டும்.

பயிற்சி

வீட்டில் உருளை வைத்திருப்போர், இவ்வாரமே மூன்று வினாக்களுக்கு விடை கண்டு ஓர் ஏட்டில் குறித்துவையுங்கள். உங்கள் நரம்பின் வலிமை எத்தனை பவுண்டு? அதனை எப்போது மாற்றினீர்கள்? ஒரு கிலோ சீனியைத் தூக்கும்போது உங்கள் உருளை நரம்பை விடுகிறதா? மூன்றில் ஒன்றிற்கேனும் விடை தெரியவில்லையாயின், புதிய கோல் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு கண்டு நல்ல நரம்பு வாங்குங்கள்.

விரால் கொடுத்து உதவிய முதியவர் இன்று இல்லை. அன்று பிறந்த என் மகன் இப்போது என்னுடன் அதே குட்டைக்கு வருகிறான். புறப்படுமுன், நான் சொல்லாமலே, நரம்பின் முனையை விரல்களுக்கிடையே தடவிப் பார்க்கிறான்.